பெயருக்குப் பின்னால் ஓர் ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனசமூக நிலைய மைதானத்தில் கரப்பந்தாட்டப் போட்டி. அறிவிப்பாளராக வரவேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம், என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். மைக் இருக்கிற இடத்தில் என்னைச் சும்மா இருத்தி வைப்பது கஷ்டம் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. மேசையடிக்குப் போய், மைக்கை எடுத்து, வாயருகே கொண்டுபோனேன். அதன் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சுறையில் இருந்து ஒரு மணம் வந்தது. பல பேருடைய மூச்சு, எவரோ எப்போதோ போட்ட வெற்றிலை, மழையில் நனைந்து அரைகுறையாகக் காய்ந்த துணி, எல்லாம் சேர்ந்த ஒரு மக்கிய மணம். நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு அணியும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று என்னையே பார்க்கிறார்கள். பொருளாளர் மெல்லக் குனிந்து, "தங்கச்சி, கரண்ட் இருக்கு. கதைக்கலாம்" என்றார்.

அந்த மணம் என்னுடைய முதலாவது வேலையின் மணம். சொன்னால் சிரிப்பீர்கள். நான் செத்தவீடு அறிவித்துக்கொண்டு திரிந்தவள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. கையையும் காலையும் என்ன செய்வது என்று தெரியாத வயது. பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கேடயங்கள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அம்மாவின் கோப்பைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முன்வரிசையில் நின்றன. வானொலியில் செய்தி வாசிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வானொலிக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அப்போதுதான் எங்கள் ஒழுங்கை முனையில் ஒலிபெருக்கிச் சேவை நடத்திய யோகன் அண்ணை வீட்டுக்கு வந்தார். அவருடைய ஓட்டோவின் கூரையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள் எந்நேரமும் கட்டியிருக்கும். கோயில் திருவிழா, கடைத் திறப்புவிழா, தண்ணீர் வெட்டு என்று எல்லாவற்றையும் அறிவிப்பார். ஆனால் முக்கியமான வேலை மரண அறிவித்தல்தான். அதைச் சொல்லிக்கொண்டிருந்தவருக்குச் சுவிஸ் விசா சரிவந்துவிட்டது. ஆள் அவசரமாகத் தேவை.

அம்மா கையில் இருந்த அகப்பையுடன் வெளியே வந்தா. பொம்பிளைப்பிள்ளை ஊர் ஊராகச் செத்தவீடு சொல்லித் திரிந்தால் நாளைக்கு ஆர் வந்து கட்டப்போகினம் என்று கேட்டா. அப்பா பேப்பரை இறக்காமலே, "ஒருத்தரும் சாகாத வீட்டிலையிருந்து மாப்பிள்ளை வந்தால் அப்ப யோசிப்பம்" என்றார். அந்த ஒரு வசனத்தோடு எனக்கு வேலை கிடைத்தது.

முதல் நாளே மானம் போயிற்று. பேச்சுப் போட்டிக்காரி அல்லவா, "ஆழ்ந்த துயரத்துடன் அறியத் தருகிறோம்" என்பதை எடுப்பாகத் தொடங்கி, இழுத்து, கடைசியில் ஒரு சுழிப்புச் சுழித்து நிறுத்தினேன். அடுத்த படலையைத் திறந்துகொண்டு ஒரு மனுசி கையில் பேர்சுடன் வந்து, "என்ன சீட்டு இருக்கு?" என்று கேட்டா. லொத்தர்ச் சீட்டு விற்கிற ஓட்டோ என்று நினைத்துவிட்டா. யோகன் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "பிள்ளை, ஆள் ஏற்கெனவே போயிட்டார். நீ உப்பிடி உறுக்கி எழுப்பத் தேவையில்லை" என்றார்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. அந்த வேலைக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. எங்கும் எழுதி வைத்தவையல்ல. முதல் தடவை செத்தவீட்டுப் படலைக்கு முன்னால்தான் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் கேட்டபிறகுதான் ஊர் கேட்கலாம். அதற்குப் பிறகு ஒழுங்கை ஒழுங்கையாக விரிந்து போகவேண்டும். கோயிலில் பூசை நேரமென்றால் மைக்கை நிறுத்திவிட்டு அந்தத் துண்டைக் கடக்கவேண்டும். கலியாணவீட்டுப் பந்தல் போட்ட ஒழுங்கைக்குள் போவதேயில்லை. பக்கத்து ஒழுங்கையில் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் கேட்கும், ஆனால் கேட்டதாக அவர்கள் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. எங்கள் ஆட்களுடைய இந்த நாகரிகம் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இன்னொன்றையும் அந்த ஓட்டோவின் பின் ஆசனத்தில் இருந்துதான் பார்த்தேன். எங்கள் சத்தம் கேட்டதும் முற்றம் கூட்டுகிறவர் விளக்குமாற்றை நிறுத்துவார். கிணற்றடியில் குளிக்கிறவர் வாளியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். பெயர் வரும் வரைக்கும் எல்லா முகமும் ஒரே முகம். பெயர் வந்ததும் "ஆ, உவரோ" என்று ஒரு மூச்சு இறங்கும். பிறகு விளக்குமாறு அசையத் தொடங்கும். ஒரு ஒழுங்கைக்கு நாங்கள் கன நாளாகப் போகாமல் இருப்போம். அந்த ஒழுங்கைக்காரர் எங்களைக் கண்டால் கொஞ்சம் மிதப்பாகச் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் அவர்களுடைய படலைக்கு முன்னாலேயே ஓட்டோவை நிறுத்த வேண்டியிருக்கும். விட்டுப்போன வீடு என்று ஒன்றைக்கூட நான் காணவில்லை. பத்தொன்பது வயதில் இதைத் தெரிந்துகொண்டால் ஆள் சோர்ந்துபோக வேண்டும். எனக்கென்னவோ, எல்லா வீட்டுக்கும் உறவுக்காரி ஆனதுபோல ஒரு மிதப்புத்தான் வந்தது.

அறிவித்தலில் எனக்கு மிகப் பிடித்த இடம் பிள்ளைகளின் பெயர்கள் வருகிற இடம். நீங்களும் கேட்டிருப்பீர்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும் என்று தொடங்கி, பிள்ளைகளிடம் வந்ததும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ஊர் வரும். கனடா, லண்டன், ஜேர்மனி, நோர்வே. எங்கள் பக்கத்து அறிவித்தல் ஒன்றைக் கேட்டால் உலகப்படம் பார்க்கத் தேவையில்லை. ஒல்லாந்தும் டென்மார்க்கும் எனக்குப் புவியியல் பாடத்தில் வந்ததைவிடச் செத்தவீட்டில் வந்ததுதான் அதிகம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு ஊர். இல்லாத பிள்ளைக்குப் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற". இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வகை ஒன்று இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அதை எனக்குக் காட்டியது புன்னாலைக்கட்டுவனில் நடந்த சிவபாதத்தாரின் செத்தவீடு.

சிவபாதத்தார் மேசன் வேலை செய்தவர். அந்தப் பக்கத்து மதில்களில் பாதி அவருடைய கைதான். அவருக்கும் பாக்கியம் மாமிக்கும் மூன்று பிள்ளைகள். மூத்தவள் வசந்தி கனடாவில், இரண்டாவது சுகந்தி பிரான்சில். கடைக்குட்டி நிரஞ்சன். வேலை தேடி வன்னிக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டுவிட்டான். சண்டை முடிந்த நாட்களில், ஆமிக்காரர் ஆட்களை ஏற்றிய ஒரு பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. மாமி அவனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசல்களில், எத்தனையோ வெயிலில் இருந்தவ. மாமியென்றால் சொந்த மாமியில்லை. அம்மாவோடு சந்தையில் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தோடு அவவை ஊருக்கே தெரியும்.

நானும் யோகன் அண்ணையும் காலையில் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் தகரப்பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிவபாதத்தாரின் தமையன், தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு தாளில் அறிவித்தலை எழுதி வைத்திருந்தார். மணி மணியான எழுத்து. எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். "பிள்ளை, ஒருக்கா வாசிச்சுப் பார், பிழை கிடக்கோ எண்டு" என்று என்னிடம் தந்தார். நான் யன்னலடியில் நின்று மெல்லிய குரலில் வாசித்தேன். சிவபாதம் அவர்கள், பாக்கியத்தின் அன்புக் கணவரும், வசந்தி, கனடா, சுகந்தி, பிரான்ஸ், காலஞ்சென்ற நிரஞ்சன் ஆகியோரின் பாசமிகு தந்தையும்.

உள்ளே அழுகைச் சத்தம் நின்றது.

அப்படி நின்றதை நான் அதற்கு முதல் எங்கேயும் கேட்டதில்லை. செத்தவீட்டில் ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் தொடங்குவார். அன்றைக்கு மொத்தமாக நின்றது. பாக்கியம் மாமி வெளியே வந்தா. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டா. என்னைப் பார்த்து, "பிள்ளை, கடைசியா வாசிச்சதைத் திருப்பி வாசி" என்றா. நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை, வாசித்தேன்.

"ஆர் சொன்னது, பெரியத்தான்?"

"ஒருத்தரும் சொல்லேல்லைப் பாக்கியம்." பெரியவர் குரலை இறக்கிக்கொண்டார். "எவ்வளவு காலத்துக்கு உப்பிடிக் கிடந்து நோகப்போறாய்? தேப்பனோடை சேர்த்து அவனையும் அழுது முடி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலை ரெண்டு பேருக்கும் சேர்த்துச் செய்வம். உனக்கும் ஒரு ஆறுதல்."

அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனுசனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. நிரஞ்சனுக்குச் சைக்கிள் பழக்கியது அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கந்தோர் கந்தோராக மாமிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு அந்த நோவுக்கு ஒரு முடிவு வேண்டும். காயம் ஒன்றை எத்தனை நாளைக்குத் திறந்து வைத்திருப்பது என்பது அவருடைய கணக்கு.

"கண்டவை ஆரும் இருந்தால் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்" என்றா மாமி. "நானே என்ரை வாயாலை காலஞ்சென்ற எண்டு சொல்லுறன்."

"அப்ப எந்த நாடு எண்டு போட? மற்றப் பிள்ளையளுக்கு நாடு கிடக்கு. இவனுக்கு என்னத்தைப் போட?"

பந்தல் போடுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். யோகன் அண்ணை சமாதானமாக, ஊரில்லாமல் பெயரை மட்டும் சொல்லலாமே என்று தொடங்கினார். அது இன்னும் மோசம், கேட்கிற சனம் பேசாமல் விடுமோ என்றார் பெரியவர். பின்னாலிருந்து எவரோ, பேசாமல் இரண்டு பெண்பிள்ளைகளின் பெயரோடு நிறுத்தினால் என்ன என்று முணுமுணுத்தார். மாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"அவன் எங்கையிருந்து போனவன்?" என்று கேட்டா. "உந்தப் படலையாலைதானே போனவன். புன்னாலைக்கட்டுவன் எண்டு போடுங்கோ."

"சனம் கேக்கேக்கை உனக்குத்தான் நோகும், பாக்கியம்."

"நோகட்டும். நோகாமல் இருக்கவோ நான் அவனைப் பெத்தனான்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தா. அதற்குப் பிறகுதான் அழுகை திரும்பத் தொடங்கியது. பெரியவர் பேனையை எடுத்து ஒரு சொல்லை வெட்டி, இன்னொரு சொல்லை எழுதினார். மணி மணியான அந்த எழுத்தில் அந்த ஒரு இடம் மட்டும் கோணலாக வந்தது.

படலைக்கு முன்னால் ஓட்டோவில் ஏறி இருந்து மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் வந்து ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பிள்ளை, உதிலை நிண்டு சொல்லேக்கை அவன்ரை பேரையும் சொல்லு. மற்ற ஒழுங்கையளிலை அதை விட்டிட்டுச் சொல்லு. அவவுக்குக் கேக்காது. வாற போற சனம் எல்லாம் வந்து கிளறாமல் விடட்டும்." அவருடைய கண் சிவந்திருந்தது. நான் மைக்கின் பஞ்சுறையை இழுத்துச் சரிசெய்தேன். யோகன் அண்ணை ஓட்டோவைக் கிளப்பினார்.

படலையடியில் முழுதாகச் சொன்னேன். சந்தியில் திரும்பினோம். நெல்லிமர வளவைத் தாண்டியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன செய்யப்போறாய்?" என்றார்.

"சொல்லப்போறன் அண்ணை."

"அந்தாள் பேசிக் கிழிக்கும்."

"கிழிக்கட்டும்."

அவர் ஒரு பள்ளத்தை விலத்தி ஓட்டினார். பிறகு, "அப்ப ஆறுதலா, அவசரப்படாமல் சொல்லு. நான் அந்த இடத்திலை மெதுவாக்கிறன். ஓட்டத்திலை பேர் விழுந்துபோம்" என்றார்.

இந்த இடத்தில் என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. குரலைத் தழுதழுக்க விட்டால் அது காலஞ்சென்ற என்று சொன்னதற்குச் சமன். உரத்துச் சொன்னால் அது வீம்பு. கனடாவுக்கு என்ன குரலோ, பிரான்சுக்கு என்ன குரலோ, அதே குரல்தான் வேண்டும். வசந்தி, கனடா. சுகந்தி, பிரான்ஸ். நிரஞ்சன், புன்னாலைக்கட்டுவன். பிள்ளை தோட்டத்துக்குத் தண்ணி மாறப் போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்பது போன்ற சாதாரணக் குரல். ஓடுகிற ஓட்டோவில், பள்ளம் திட்டியில் குலுங்கிக்கொண்டு, அந்த நீள ஊர்ப் பெயரை ஓரெழுத்தும் உடையாமல் சொல்லவேண்டும். ஒழுங்கைக்கு ஒழுங்கை சொன்னேன். யோகன் அண்ணை ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது ஓட்டோவை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார். வாங்கிய கேடயம் எல்லாவற்றையும் அந்த ஒரு காலைக்கு ஈடாகத் தருவேன்.

பெரியவர் பயந்ததும் நடந்தது. அதை மறைக்கக் கூடாது. வாசிகசாலையடியில் சொல்லிவிட்டு நகர்ந்தபோது ஒருவன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தான். நிரஞ்சனோடு ஒன்றாகப் படித்தவன், ரூபன் என்று பெயர். புன்னாலைக்கட்டுவன் என்று கேட்டதும் அவனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்திருக்கிறது: நிரஞ்சன் வந்துவிட்டான். எங்கள் ஊரில் வளர்ந்த எவனும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருப்பான். அறிவித்தலில் பெயருக்குப் பின்னால் ஊர் வந்தால் ஆள் அங்கே இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

நாங்கள் சுற்று முடித்துத் திரும்பி வந்தபோது அவன் முற்றத்தின் நடுவில் நின்றான். மூச்சு வாங்கியது. "எங்கை அவன்?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ஓட்டோவுக்குப் பின்னால் போய் ஸ்பீக்கர் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

மாமி எழும்பி வந்தா. அவனுடைய தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினா. "வரேல்லைத் தம்பி" என்றா. "வந்திட்டான் எண்டு நான் சொல்லேல்லை. இருக்கிறான் எண்டு சொன்னனான்."

அவன் நிலத்தில் குந்திவிட்டான். ஆம்பிளைப்பிள்ளை ஒருவன் அப்படி வாய்விட்டு அழுததை அந்த முற்றமே பார்த்துக்கொண்டு நின்றது. மாமிக்கு நொந்தது. முகம் சுருங்கிப் போயிற்று. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றா. ஆனால் அவ அதிலிருந்து விலகவில்லை. அவன் அழுது முடியும் வரைக்கும் நின்றுவிட்டு, "சரி, வந்தனிதானே. மாமாவுக்கு ஒரு தோள் குடு" என்றா. பின்னேரம் சிவபாதத்தாரின் பாடையை முன்வலப்பக்கம் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

அதற்கு முதல், மாமி திரும்பப் போய்ப் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபோது, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஏழாலைப் பக்கத்தில் அறிவித்தபோது ஓட்டோவைக் கைகாட்டி மறித்தவ. "பிள்ளை, கடைசிப் பேரை இன்னொருக்காச் சொல்லு" என்று அங்கே கேட்டா, நானும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவ. இப்போது வெள்ளைச்சேலை உடுத்துக்கொண்டு, வெயிலில் நடந்தே வந்திருக்கிறா. செத்தவரை அவவுக்குத் தெரியாது. வீட்டுக்காரரையும் தெரியாது. நேரே பாக்கியம் மாமிக்குப் பக்கத்தில் போனா. கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி மாமி ஒரு பெண்ணுக்குக் கண்ணால் காட்ட, அவவுக்கு இடம் கிடைத்தது. அவவுடைய மகனும் வீட்டுக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

சுடலையால் வந்தபிறகு பெரியவர் என்னைத் தேடி வந்தார். எனக்குக் கிழி விழப் போகிறது என்று யோகன் அண்ணை ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணியே வைத்திருந்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை, புன்னாலைக்கட்டுவனை ஒருத்தரும் உப்பிடி வடிவாச் சொன்னதில்லை" என்றார். அவ்வளவுதான். அவர் சொல்ல வந்தது அதுதானா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் எந்த மேடையில் என்ன பாராட்டு வாங்கினாலும் அதை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். ஒன்றும் கிட்ட வருவதில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு ஏழாலை அம்மாவின் கணவர் தவறினார். யோகன் அண்ணைக்குத்தான் அழைப்பு வந்தது. மகனுடைய பெயருக்குப் பின்னால் ஏழாலை என்று எழுதி, அன்றைக்கு அறிவித்த அந்தப் பிள்ளைதான் இதையும் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தா. பிறகு குப்பிழானில் ஒன்று. பிறகு அளவெட்டியில். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களா, ஓட்டோவில் கேட்டுப் பழகினார்களா தெரியாது. நாடு நாடாகப் போய்வரும் அந்த அறிவித்தல்களில், கனடாவுக்கும் நோர்வேக்கும் நடுவில், எங்கள் சின்னச் சின்ன ஊர்களும் வந்து உட்காரத் தொடங்கின. கேட்கிற சனத்துக்கும் விளங்கிவிட்டது. பெயருக்குப் பின்னால் சொந்த ஊர் வந்தால் விளக்குமாறு கொஞ்சம் கூடுதலான நேரம் நிற்கும். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஊர் முழுதும் சேர்ந்து ஒரு வழக்கத்தை உண்டாக்கும்போது அதற்குக் குரலாக இருந்தவள் நான் என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வேலை நெடுக நிலைக்கவில்லை. பல்கலைக்கழகம் கிடைத்தது, போனேன். விடுமுறையில் வரும்போது யோகன் அண்ணையோடு ஓடுவேன். அதுவும் குறைந்து குறைந்து வந்தது. இப்போது ஒருவர் தவறினால் வீட்டுக்காரர் கண்ணைத் துடைக்க முதல் செய்தி எல்லோருடைய கைபேசிக்கும் போய்விடுகிறது. பூமாலை போட்ட படமும் பின்னணியில் புல்லாங்குழலுமாக. யோகன் அண்ணை ஸ்பீக்கர்களைக் கழற்றி விற்றுவிட்டு அதே ஓட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். சத்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்கிறார்.

போன மாசியில் பாக்கியம் மாமி தவறினா. கடைசிக் காலத்தில் அவவுக்குக் கூட ஒருவரும் இல்லை. ரூபன்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடியவன். கனடாவில் இருந்து வசந்தி அக்கா எனக்குப் போன் எடுத்தா. கைபேசியில் அனுப்ப என்னுடைய குரலில் ஒரு அறிவித்தல் வேண்டும் என்றா. எழுதி அனுப்பியதில் பிள்ளைகளின் பெயர் வருகிற இடம் வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"வீட்டை விக்கிறதோ பூட்டுறதோ எண்டு நானும் சுகந்தியும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்றா. "இனி அங்கை ஒருத்தரும் இல்லைத்தானே. தம்பியை என்னெண்டு போடுறது?"

நான் ஏதும் சொல்ல வாயெடுக்க முதல், அவவே, "இல்லை, வேண்டாம். அம்மா போட்டமாதிரியே சொல்லு. மாத்தாதை" என்றா. குரல் உடைந்துபோயிற்று. உடைந்தாலும் திரும்பத் திரும்ப அதையே சொன்னா, மாத்தாதை, மாத்தாதை என்று. தாயின் மகள்தான்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுசெய்தேன். வசந்தி, கனடா. சுகந்தி, பிரான்ஸ். நிரஞ்சன், புன்னாலைக்கட்டுவன். அனுப்பியதும் ஒரே நொடியில் உலகத்தின் எல்லா மூலைக்கும் போய்விட்டது. எந்தப் படலையும் திறக்கவில்லை, இன்னொருக்காச் சொல்லு என்று ஒருவரும் மறிக்கவில்லை. மறிப்பதற்கு அந்த அம்மாமார் இப்போது இல்லை. ஏழாலை, குப்பிழான், அளவெட்டி என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அநேகமானவர்களுக்கு அறிவித்தல் சொன்னதும் நான்தான். அவர்களுடைய வளவுகளில் புல் முளைத்துவிட்டது, பின்னேரத்தில் விளக்கு வைக்க ஆளில்லை. திரும்பி வராத பிள்ளைகள் மட்டும் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், நான் சொன்ன இடத்திலேயே இருக்கிறார்கள்.